மாஜியா, சாம்பியனா

முதலில் உங்கள் சட்டைக் காலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் சார், கோபித்துக்கொள்ளக் கூடாது. காலரை நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் இப்படித்தான் ஓரத்தில் சுருக்கம் விழும். வீட்டில் யார் தேய்க்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் விரலில் மோதிரம் கிடந்த இடம் வெளுப்பாக இருக்கிறது, அதையும் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. காதில் விழுவது விழும். சலவைக் கடை வைத்திருக்கிறவள் காதை எங்கே கழற்றி வைக்க முடியும்?

நடந்ததை வாக்குமூலமாக என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லதுதான். இதுவரை பேசியவர்கள் எல்லோரும் பாதிதான் பேசியிருக்கிறார்கள். டாக்டர் பேசினார், டிவிக்காரன் பேசினான், எதிர்க்கடை சலூன்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாம்பியன்தான் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டான், ஆனால் பெற்ற தாயைப் பார்த்து நர்ஸ் என்கிறானாம். அவன் உடம்பில் தடைசெய்த மாத்திரை இருந்தது என்று பட்டத்தையும் பிடுங்கிவிட்டார்கள். கோச்சை உட்காரவைத்துக் கேட்டீர்கள், அந்த மனிதர் அழுததைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாத்திரை எப்படி உள்ளே போனது என்றுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும். சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் அதிலுள்ள நியாயம் புரியும்.

எங்கள் சலவைக் கடை தரைத்தளம். மாடியில் பாக்சிங் கூடம். கூடத்துத் துண்டுகள், கையில் சுற்றும் துணிப்பட்டைகள், வேர்த்துக் கொட்டவைக்கும் பிளாஸ்டிக் உடுப்புகள் எல்லாம் என்னிடம்தான் வரும். ஒருவன் எவ்வளவு உழைக்கிறான், எவ்வளவு நடிக்கிறான் என்று அவன் துண்டைப் பிழிந்தால் தெரிந்துவிடும். மாடியில் பாதிப் பேர் கண்ணாடி பார்க்க வருகிறவர்கள். சாம்பியன் அப்படி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவன் துண்டு எப்போதும் ஈரக் குழந்தையைத் தூக்குவதுபோல் கனக்கும்.

கடைக்குள் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். தெருவில் அவருக்குப் பெயர் மாஜி. முன்னாள் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். ஆகப் பெரிய எடைக்கு ஒரு படி கீழே, எண்பது கிலோவைத் தாண்டாதவர்களுக்கான பிரிவு அது. பதினைந்து ரவுண்டு, தாடை உடைந்த பிறகும் நின்று அடித்து ஜெயித்தவர். இப்போது சட்டைப் பொத்தானைப் போட அதைவிட அதிக நேரம் ஆகிறது. கை நடுங்கும், பேசும்போது வார்த்தை சிக்காது, கரண்டியைக் காட்டி "அது, அது, அந்த... குழி" என்பார். துண்டு மடிப்பது மட்டும் கைக்கு மறக்கவில்லை. ஓரத்தோடு ஓரம் ஒட்டி, தாளை மடித்ததுபோல் மடிப்பார். நான் குறை சொல்லவில்லை. ஜெயித்தவர் ஜெயித்தவர்தான்.

இப்படி இருக்கும்போதுதான் டிவியில் அந்த நிகழ்ச்சி வந்தது. இன்றைய சாம்பியன் அந்தக் காலத்து லைட் ஹெவிவெயிட்களோடு மோதினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்களாம். கோட்டு போட்ட மூன்று பேர் உட்கார்ந்து, செத்தவர்கள், கிழவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக எழுப்பி அடிவாங்க வைத்தார்கள். ஒருவர் ஆறாவது ரவுண்டு வரை தாங்கினார். ஒருவர் புள்ளிக் கணக்கில் தோற்றார். என் வீட்டுக்காரர் இரண்டாவது ரவுண்டில் மல்லாந்துவிட்டார். பொம்மைக்கு முகமும் சரியில்லை, கால்சட்டைக்கு நிறமும் சரியில்லை. அந்தக் கால்சட்டையில் படிந்த ரத்தத்தைக் கசக்கி எடுத்தவள் நான். கம்ப்யூட்டருக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? ஒரு நாள் எங்கள் கடைப் படியேறி வந்து விசாரித்திருக்குமா?

மறுநாள் தெரு முழுக்க இதே பேச்சு. சலூன்காரர் தன் தலையில் ஒரு முடி இல்லாவிட்டாலும் மற்றவர் தலையைப் பிடித்துக்கொண்டு உலக விஷயத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவர். கத்தி கழுத்தில் இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? அவர் தீர்ப்புப்படி பழைய ஆட்கள் எல்லாம் மெதுவானவர்கள், சாப்பாட்டு முறை தெரியாதவர்கள், இந்தக் காலத்துப் பையனின் வேகத்துக்கு முன்னால் நிற்க மாட்டார்கள்.

சாம்பியன் அன்று துண்டு எடுக்க வந்தான். எங்களை அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுவான். மாமாவின் தோளில் செல்லமாக ஒரு குத்துவிட்டு, "என்ன மாமா, ரெண்டாவது ரவுண்டுலயே படுத்துட்டீங்களாமே" என்றான்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். வார்த்தையைத் தேடிப் பிடித்து, "ரெண்டா... பரவாயில்லையே. நான் ஒண்ணுன்னு நினைச்சேன்" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவனுக்கு அது வேடிக்கை. இவருக்கும் வேடிக்கை. பெருந்தன்மை என்ற பெயரில் ஆண்கள் எதை வேண்டுமானாலும் தாரைவார்த்துவிடுவார்கள். பின்னால் நின்று இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருக்கிறவளிடம் கேட்பதில்லை. எனக்கு அவன்மேல் கோபம் ஒன்றும் இல்லை, அதை அடிக்கோடிட்டே எழுதுகிறேன். எனக்கு ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நியாயம் என்றால் என்னவென்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் சண்டை நடக்கிற அன்று காலையில்தான் எடை பார்ப்பார்கள். எடையை இறக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் காய்ந்தவர், மாலையில் காய்ந்தபடியேதான் மேடையேறுவார். இப்போது முந்தைய நாளே எடை. பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டு, சூடான அறையில் உட்கார்ந்து, உடம்பிலுள்ள தண்ணீரை எல்லாம் பிழிந்து எடுத்துவிட்டு மெஷினில் ஏறுகிறார்கள். எண்பதுக்குள் என்று எழுதியதும் இறங்கி, மறுநாள் மாலைவரை குடியோ குடி என்று குடித்து ஊறி, தொண்ணூறு கிலோ ஆளாக வந்து நிற்கிறார்கள். வளர்ந்த ஆள் முட்டியை மடக்கி உட்கார்ந்து அரை டிக்கெட்டில் பயணம் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தச் சாம்பியன் லைட் ஹெவிவெயிட்டே இல்லை. அரை டிக்கெட்.

இதைச் சலூனில் போய்ச் சொன்னேன். அவனையும் பழைய முறைப்படி காய்ந்த உடம்போடு மேடையேற்றிப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்றேன். சலூன்காரர் சவரக்கத்தியைத் துடைத்தபடி, "அக்கா, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ஆனா அதையெல்லாம் யாரும் சோதிச்சுப் பார்க்க முடியாது" என்றார்.

முடியாதாம். கடைக்குத் திரும்பி நான்கு சட்டை தேய்ப்பதற்குள் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏனென்றால் அவன் எடை பார்த்த பிறகு குடிக்கிற தண்ணீர் எங்கள் கடைத் தண்ணீர். ஒருமுறை வெளியூரில் ஹோட்டல் தண்ணீரைக் குடித்து வயிறு கெட்டுச் சண்டையே தள்ளிப்போனது. அதிலிருந்து கோச் ஒரு வழக்கம் வைத்துவிட்டார். எடை பார்த்ததும் நேராக எங்கள் கடைக்குத்தான் வருவான். நான் காய்ச்சி ஆறவைத்து, கோச் கொடுத்த அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்து, பாட்டில்களில் நிரப்பி வைத்திருப்பேன். முதல் பாட்டிலை மாமா கையால் வாங்குவான். அப்படி வாங்கிய சண்டை எதிலும் தோற்றதில்லை என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. மீதியை வீட்டுக்கு எடுத்துப் போவான். வேறு யார் கொடுத்தாலும் ஒரு மடக்கு குடிக்க மாட்டான். இப்படி ஒரு மரியாதை வேறு யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கால் வீக்கத்துக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கிவிடும் மாத்திரை. அது விஷம் இல்லை சார். மருந்துக் கடையில் விற்பதுதான். நான் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. அவன் குடித்த தண்ணீர் அவன் உடம்பில் தங்காமல் பார்த்துக்கொண்டேன். விதி பழைய விதி, ஆள் புதிய ஆள். இதைவிடச் சுத்தமான சோதனை எந்தக் கம்ப்யூட்டரிலாவது உண்டா?

அந்த மாதத்துக்கு வாங்கிய அட்டைகளில் இருந்ததை எல்லாம் நுணுக்கிக் கலந்தேன். அதனால் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாள் மாத்திரை இல்லை. கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கிவிட்டன. "என் மாத்திரை... தீர்ந்துடுச்சா?" என்று கேட்டார். கடையில் வரவில்லையாம் என்றேன். அவருக்காக நான் இவ்வளவு செய்யும்போது அவரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் அல்லவா.

அடுத்த சண்டைக்கு எடை பார்த்துவிட்டுச் சாம்பியன் வந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. மாமா கையிலிருந்து பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் பாதி குடித்துவிட்டு நின்றான்.

"அத்தை, தண்ணி கசக்குதே."

"வாய் காஞ்சு போயிருக்கு, அப்படித்தான்டா இருக்கும்."

"சரி அத்தை" என்றான். மீதியையும் குடித்தான். அவன் வளர்ப்பு நல்ல வளர்ப்பு, அவன் அம்மாவைப் பாராட்டத்தான் வேண்டும். பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டான்.

என் வீட்டுக்காரர் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்காமலே, ஒரு விஷயம் சொன்னார். அவருக்கு இவ்வளவு நீளமாகப் பேச வருவதே அதிசயம். "எங்க காலத்துல காஞ்ச தலையோட அடி வாங்கினோம். மூளையைச் சுத்தித் தண்ணி இல்லன்னா அடி நேரா... நேரா உள்ள போயிடும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு. அதான் எனக்கு இப்படி. இவனுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. நல்லாக் குடிக்கட்டும்." எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. அவர் அப்படித்தான், எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. மாடிக் கூடத்தில் ஒரு எடை மெஷின் இருக்கிறது. தரை சரியில்லாமல் அது வாழ்நாளில் சரியான எடை காட்டியதில்லை. கீழே அட்டையை மடித்துச் செருகி, அது காட்டுவதில் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கழித்துத்தான் ஆளாளுக்குக் கணக்குப் போடுவார்கள். ஒரு முறை அதில் ஏறிய தபால்காரருக்குக் குதிரை எடை காட்டியது. அந்த மெஷினில் அன்று சாம்பியன் ஏறினான். எண்பதைத் தாண்டி ஒரு கிலோகூடக் காட்டவில்லை. கோச், "இந்தச் சனியன் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு" என்று காலால் ஓர் உதை விட்டு, இன்னொரு அட்டையைச் செருகினார். அந்த மெஷின் ஆயுளில் சொன்ன ஒரே உண்மை அது. உதைதான் கிடைத்தது.

கோச்சுக்கும் மனசு கேட்கவில்லை போல. கீழே இறங்கி வந்து, துணி நிறுக்க நான் வைத்திருக்கும் மெஷினில் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். பேட்டரி போய்விட்டது என்றேன். அன்று முழுவதும் அதில்தான் துணி நிறுத்தேன். இது ஒன்றுதான் நான் சொன்ன பொய் என்று எழுத நினைத்தேன். மாத்திரை கடையில் வரவில்லை என்றதையும் சேர்த்தால் இரண்டு. எதையும் மறைக்கவில்லை பாருங்கள்.

சண்டையைச் சலூனில்தான் எல்லோரும் பார்த்தோம், என் வீட்டுக்காரர் மட்டும் கடை டிவியில் பார்த்தார். பட்டத்துக்கான சண்டைகூட இல்லை, எதிராளி பேர் தெரியாத ஒரு பையன். சாம்பியன் அவனை மூன்றாவது ரவுண்டுக்குள் முடித்துவிடுவான் என்று சலூன்காரர் சொல்லிவைத்திருந்தார். மூன்று முடிந்தது. நான்கு முடிந்தது. சாம்பியனின் கால்கள் ஈரச் சிமெண்டில் நடப்பதுபோல் நடந்தன. சலூன்காரர் அதற்கும் காரணம் வைத்திருந்தார். அவன் எதிராளியை விட்டுப்பிடிக்கிறானாம், அது ஓர் உத்தியாம்.

ஐந்தாவது ரவுண்டு இடைவேளையில் கோச் அவன் முதுகைத் துடைத்துவிட்டுத் துண்டைத் தன் தோளில் போட்டார். அந்தத் துண்டு தோளில் நிற்காமல் காற்றில் ஆடியது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் துண்டை இத்தனை வருஷம் துவைத்தவளுக்குத் தெரியாதா? ஐந்து ரவுண்டு அடித்த ஆளின் துண்டு காய்ந்து கிடந்தது. அவன் உடம்பில் வேர்க்கக்கூட ஒன்றுமில்லை.

என் கையில் போன் இருந்தது. கோச்சின் உதவியாள் நம்பரும் அதில் இருக்கிறது, துணி தயார் என்று சொல்ல அவரைத்தான் கூப்பிடுவேன். அவர் அந்த மூலையிலேயே வாளியோடு நின்றார். நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். சோதனையைப் பாதியில் நிறுத்தினால் யாருக்கு என்ன லாபம்? நான் சலூன்காரரிடம், "இப்பப் பார்த்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொன்னேன். அதை அவர் உங்களிடம் வத்திவைத்திருப்பார். வைக்கட்டும். சொன்னது உண்மைதான்.

ஒன்பதாவது ரவுண்டில் விழுந்தான். பெரிய அடிகூட இல்லை. சாதாரண நாளில் அவன் தலையை ஆட்டிவிட்டுச் சிரிக்கிற அடி. நான் எழுந்து கடைக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம், "பழைய முறைன்னா அவன் ஒன்பது ரவுண்டுதான். நீங்க பதினைஞ்சு" என்றேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மண்டைக்குள் ரத்தம் கட்டி, அறுவை செய்தார்கள். அவன் அம்மா என் கடைக்கு வந்து அழுதாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் துணிகளை எல்லாம் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தேன். மனுஷத்தன்மை என்று ஒன்று இருக்கிறது அல்லவா. அப்புறம்தான் அந்த மாத்திரைச் செய்தி வந்தது. எடையை இறக்க அவனே தின்றான் என்று பேப்பர்காரன் எழுதினான். ஏமாற்றுக்காரன் என்று டிவிக்காரன் சொன்னான். "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லக்கா, உங்களுக்குத் தெரியாதா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்குத் தெரியும் என்றேன். எனக்குத்தானே தெரியும்.

செய்தியில் மாத்திரையின் பெயரை வாசித்தபோது என் வீட்டுக்காரர் மடித்துக்கொண்டிருந்த துண்டை நிறுத்தினார். குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். காலையில் போனால் வார்டு மூடும்வரை அங்கேதான். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

ஏன் நானாகவே வந்து ஒப்புக்கொள்கிறேன் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். பையனின் நல்ல பெயரைக் காப்பாற்ற வந்தேன் என்று எழுதினால் உங்களுக்கும் பார்க்க அழகாக இருக்கும், அப்படியே இருக்கட்டும். உண்மையைக் கேட்டால் சலூன்காரர்தான் காரணம். போன வாரம் அவர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "மாத்திரை போட்டவன் தோத்தா அது கணக்குல வராதுக்கா. மாஜியா சாம்பியனான்னு கேட்டா, கம்ப்யூட்டர் சொன்னதுதான் இன்னைக்கும் முடிவு" என்றார். நான் இவ்வளவு பாடுபட்டது எதற்கு? அவன் திருட்டுத்தனமாகத் தின்றிருந்தால் கணக்கில் வராது, சரி. அவனுக்கே தெரியாமல், பழைய விதிப்படி, ஒரு நடுநிலையான ஆள் கொடுத்திருந்தால்? அது கணக்கில் வர வேண்டுமா இல்லையா? அதனால் இதை எழுதுகிறேன். அவன் மாத்திரையைத் தெரிந்து சாப்பிடவில்லை. கோச்சுக்குத் தெரியாது. தண்ணீரில் கலந்தவள் நான், தெரிந்துதான் கலந்தேன், காய்ந்த தலையில் அடி எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இதில் ஒரு பிரதியைச் சலூனில் ஒட்ட முடியுமா என்று பாருங்கள்.

இங்கே வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கைக்குப் பயிற்சி வேண்டும் என்று சாம்பியனிடம் துண்டு மடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். இரண்டு பேருக்கும் கை நடுங்குகிறது. அவன் ஒன்றைச் சுருட்டி வைப்பதற்குள் இவர் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நான்கு மடித்துவிடுகிறார். எடையில் குழப்பம் இல்லை, வயதில் சலுகை இல்லை. முதல் தடவையாக இருவரும் சமமாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் சுருட்டிய துண்டை இவர் மெல்ல வாங்கிப் பிரித்து, மறுபடி அவன் கையிலேயே கொடுத்தார். அதுதான் சமயம் என்று நான் கேட்டேன்.

"இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க. யாரு ஜெயிச்சது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வழக்கம்போல வார்த்தையைத் தேடவில்லை, தடுமாறவில்லை.

"நீதான்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னை வாயாரப் பாராட்டியது அதுதான் முதல் தடவை சார்.